குன்னூர் 10 கி.மீ. ஓடலாமா? ஏப்ரல் டிரையத்லானுக்குத் தயாராகும் வாசகிக்குப் பதில்

கேள்வி: கோத்தகிரியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 36, எடை 57 கிலோ. ஏப்ரல் நடுவில் கடலோர ஊர் ஒன்றில் ஒலிம்பிக் தூர டிரையத்லானில் (1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம், மூன்றும் அடுத்தடுத்து) முதல்முறையாகக் கலந்துகொள்ளப் போகிறேன். வாரம் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் சைக்கிள், ஞாயிறுதோறும் கோவைக்கு இறங்கி நீச்சல். இன்னும் நான்கு வாரத்தில், பிப்ரவரி இரண்டாம் ஞாயிறன்று, குன்னூரில் ஒரு 10 கி.மீ. சாலை ஓட்டம் இருக்கிறது. முதல் 5 கி.மீ. இறக்கம், திரும்பி அதே வழியில் ஏற்றம். போன வருடம் இறக்கத்தை 26 நிமிடத்திலும் ஏற்றத்தை 35 நிமிடத்திலும் ஓடி, 61 நிமிடத்தில் முடித்தேன். அதன்பின் நான்கு நாள் படி இறங்க முடியவில்லை, பத்து நாள் சைக்கிளைத் தொடவில்லை. இந்த முறை ஓடலாமா? ஓடினால் முழு வேகத்திலா, சும்மா பயிற்சியாகவா? மார்ச் முதல் வாரம் சமவெளியில் ஓர் அரை மாராத்தானும் வருகிறது, தோழிகள் கூப்பிடுகிறார்கள்.

பதில்: குன்னூர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுங்கள். அரை மாராத்தான் இந்த ஆண்டு வேண்டாம், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த 26ம் 35ம்தான். உங்களைப் பத்து நாள் முடக்கியது ஏற்றம் என்று நினைத்திருப்பீர்கள். மூச்சு வாங்கியது அங்கேதானே! ஆனால் தசைக்குச் சேதம் நடந்தது முதல் 26 நிமிடத்தில். இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் தரையைத் தொடும்போது, உடல் முன்னே விழாமல் தொடையின் முன்தசை பிரேக் பிடிக்கிறது. அதாவது தசை நீண்டுகொண்டே சுருங்க முயல்கிறது. இப்படி வேலை செய்யும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் விழும். மூச்சு வாங்காததால் வேகம் கூடுவது தெரியாது. வலியும் அப்போது வராது, ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். சைக்கிள் மிதிக்கவும் அதே தொடை முன்தசைதான் வேண்டும். அதனால்தான் ஓட்டத்தின் கடனை உங்கள் சைக்கிள் பயிற்சி அடைத்தது.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். அந்த 5 கி.மீ. இறக்கம் சராசரியாக 3 சதவீதச் சரிவு, அதாவது மொத்தம் 150 மீட்டர், என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கைக்கடிகாரத்தில் போன வருடப் பதிவு இருந்தால் சரியான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவு ஒவ்வொரு சதவீதத்துக்கும், ஒரே அளவு உழைப்பில், ஏற்றத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 8 விநாடி கூடும், இறக்கத்தில் சுமார் 5 விநாடிதான் குறையும். ஏற்றம் எடுத்துக்கொள்வதை இறக்கம் முழுதாகத் திருப்பித் தராது. சமதளத்தில் நீங்கள் கிலோமீட்டருக்கு 6 நிமிட ஆள் என்றால், இறக்கத்தில் 5:45, ஏற்றத்தில் 6:25 என்று வரும். கூட்டிப் பாருங்கள்: கீழே 28:45, மேலே 32:05, மொத்தம் 60:50. போன வருடம் கிலோமீட்டருக்கு 5:12 வேகத்தில் உருண்டு இறங்கி, 7:00 வேகத்தில் தள்ளாடி ஏறி நீங்கள் எடுத்ததும் ஏறக்குறைய இதே நேரம்தான். அந்த இரண்டே முக்கால் நிமிட அவசரத்தால் கடைசியில் கைக்கு எதுவும் மிஞ்சவில்லை, பத்து நாள் பயிற்சிதான் போனது.

ஆகவே, முழு வேகமா பயிற்சியா என்ற கேள்விக்கு என் பதில்: இறக்கத்தில் பயிற்சி, ஏற்றத்தில் பந்தயம். திரும்பும் இடம் வரை பேச முடிகிற மூச்சில் இருங்கள். திரும்பியதும் 6:25 என்ற எண்ணை மனதில் வைத்துச் சீராகத் தொடங்கி, கடைசி 2 கிலோமீட்டரில் மிச்சம் இருப்பதை எல்லாம் செலவு செய்யுங்கள். முதல் இரண்டு கிலோமீட்டரில் நிறையப் பேர் உங்களைத் தாண்டிப் போவார்கள், விடுங்கள். அவர்களில் பலரை எட்டாவது கிலோமீட்டரில் பார்ப்பீர்கள்.

எவ்வளவு நிதானமாக இறங்கினாலும் இறக்கம் இறக்கம்தான். அதற்குத் தசையை முன்கூட்டியே பழக்கலாம். ஒருமுறை அளவாக இறக்கத்தில் ஓடிவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை தசையை அவ்வளவாகப் பாதிக்காது. ஓட்டத்துக்கு 25 நாள் முன்பு வரும் புதன்கிழமை, நல்ல தார்ச்சாலையில் 3, 4 சதவீதச் சரிவாகப் பார்த்து, ஒன்றரை நிமிடம் இறங்கி, நடந்தே மேலே வந்து, மறுபடி இறங்குங்கள். நான்கு முறை போதும். இரண்டு நாள் லேசாக வலிக்கும், வலிக்கட்டும். அடுத்து 11 நாள் முன்பு வரும் புதன்கிழமை இரண்டிரண்டு நிமிடமாக ஆறு முறை. இந்த முறை வலி பாதிகூட இருக்காது, வித்தியாசம் உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு வேகமான இறக்கப் பயிற்சி வேண்டாம். தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் செங்குத்துக் குறுக்குப்பாதைகளை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே கால் வைக்க இடம் பார்ப்பதிலேயே கவனம் போய்விடும், கணுக்காலும் பிசகும்.

இறங்கும் முறையிலும் கொஞ்சம் திருத்தம் வேண்டும். பயத்தில் உடலைப் பின்னால் சாய்த்து, குதிகாலை முன்னே நீட்டி ஊன்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஒவ்வோர் அடியும் முழங்காலில் சுத்தியல் அடிபோல் விழும். அடியைக் குட்டையாக்குங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இரண்டு காலும் சேர்த்து நிமிடத்துக்கு 175 அடி, சற்று முன்பின் இருக்கலாம். பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழவேண்டும், முழங்கால் சற்று மடங்கியே இருக்கவேண்டும். பார்வை பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால். காதால் ஒரு சோதனை உண்டு: காலணி ‘பட் பட்’ என்று அறைந்தால் நீங்கள் பிரேக் பிடிக்கிறீர்கள், ‘சரக் சரக்’ என்று உரசினால் சரியாக ஓடுகிறீர்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்க ஓரம் தூரத்தில் குறைவு, ஆனால் சரிவு அங்கேதான் மிக அதிகம். போக்குவரத்தை நிறுத்தி, முழுச் சாலையையும் ஓட்டக்காரர்களுக்கு விட்டிருந்தால் மட்டும் வெளிப்பக்கமாகச் சுற்றி வாருங்கள், நாலைந்து மீட்டர் கூடினாலும் பரவாயில்லை. வண்டிகள் ஓடும் சாலையில் அப்படிச் செய்யவே கூடாது, தன்னார்வலர் காட்டும் பக்கத்திலேயே போங்கள். நிழல் விழும் ஓரங்களில் பாசி பிடித்திருக்கும், பனி ஈரம் பட்டால் சோப்புப் போட்டது போல வழுக்கும். சாலையின் ஓரச்சாய்வில் தொடர்ந்து ஓடினால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்க ஆரம்பிக்கும்.

இந்த ஓட்டத்திலிருந்து ஏப்ரலுக்கு நீங்கள் எடுத்துப்போக வேண்டியது பதக்கத்தை விடப் பயன்படும் ஓர் எண். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச உழைப்பில் இதயம் எவ்வளவு துடிக்கிறதோ, அதை வைத்துத்தான் மற்ற பயிற்சிகளின் அளவைத் தீர்மானிக்கிறோம். 60 நிமிடத்தில் 10 கி.மீ. முடிப்பவருக்கு இந்த ஓட்டமே அந்தச் சோதனை. இறக்கத்தில் துடிப்பு தாழ்ந்தே இருக்கும், அது கணக்கில் சேராது. ஏற்றத்தின் கடைசி 20 நிமிடச் சராசரியை மட்டும் எடுங்கள். உதாரணமாக அது 172 என்று வந்தால், உங்கள் சாதாரண ஓட்டங்கள் 146க்கும் 153க்கும் இடையில் இருக்கவேண்டும். மீண்டெழும் நாட்களில் 146க்குக் கீழே. ‘மெதுவாக ஓடினேன்’ என்று 160இல் ஓடிக்கொண்டிருப்பவர்கள் மலையில் நிறைய இருக்கிறார்கள். இங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏற்றம் வந்துவிடுகிறது, அவர்களையும் குறை சொல்ல முடியாது. தேவையான இடத்தில் நடந்துவிடுங்கள். சைக்கிளில் இதே உழைப்புக்குத் துடிப்பு பொதுவாக 5 முதல் 10 வரை குறைவாக இருக்கும், ஓட்ட எண்ணை அப்படியே அங்கே பொருத்தாதீர்கள்.

இந்த எண்ணுக்கு மணிக்கட்டுக் கடிகாரத்தை நம்ப வேண்டாம். பிப்ரவரிக் காலைக் குளிரில் தோலுக்கு ரத்தம் போவது குறையும், கடிகாரத்தின் ஒளி சரியாகப் படிக்காது. சிலசமயம் துடிப்பை விட்டுவிட்டு உங்கள் காலடி எண்ணிக்கையைக் காட்டிக்கொண்டிருக்கும். திடீரென்று 175இல் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். இதயத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையைக் கடன் வாங்கியாவது கட்டுங்கள், அதன் உள்பக்கம் தோலைத் தொடும் இடத்தைத் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டுக் கட்டுங்கள். கற்பூர மரங்களுக்கு நடுவிலும் வளைவுகளிலும் ஜிபிஎஸ் காட்டும் அந்தந்த நேர வேகம் தாறுமாறாகக் குதிக்கும். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் லேப் பொத்தானை அமுக்கி அந்த நேரத்தைப் பாருங்கள்.

முந்தைய வாரத்தை எளிமையாக வையுங்கள். செவ்வாய் கடைசிக் கடினப் பயிற்சி: ஓட்டப்பந்தய வேகத்தில் மூன்று நிமிடமாக நான்கு முறை, நடுவில் இரண்டு நிமிடம் மெல்லோட்டம். வியாழன் 40 நிமிடம் லேசான சைக்கிள். வெள்ளி ஓய்வு. ஞாயிறு நீச்சல் போய்விடுகிறதே, அதை விட்டுவிடாதீர்கள், சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். 1,200 மீட்டர், அவசரமில்லாமல், பெரும்பகுதி கால்களுக்கு நடுவில் மிதவை வைத்துக் கையால் மட்டும். வாரம் ஒரே ஒரு நாள் நீந்துகிறவருக்கு, நீச்சல்தான் மூன்றிலும் பலவீனமான பகுதியாக இருக்கும். அந்த ஒரு நாளையும் ஓட்டம் பறித்துக்கொண்டால் 14 நாள் தண்ணீரே படாமல் போகும்.

கோத்தகிரியிலிருந்து குன்னூர் சுமார் 20 கி.மீ., டிரையத்லான் பயிற்சியாகவும் இருக்கட்டும் என்று விடியுமுன் சைக்கிளில் கிளம்பலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் மூடுபனி இருக்கும், காட்டெருமை குறுக்கே நிற்கும், தேயிலைத் தோட்ட ஓரங்களில் கரடி நடமாடும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வண்டியில் போங்கள். அன்றாடப் பயிற்சியையும் வெளிச்சம் வந்தபிறகே தொடங்குங்கள்.

சாப்பாடு, தொடக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பு: நாலு இட்லி, கொஞ்சம் சாம்பார் அல்லது சர்க்கரை, ஒரு வாழைப்பழம். தேங்காய்ச் சட்னி, வடை, வர்க்கி மூன்றும் அன்று காலை வேண்டாம், கொழுப்பு வயிற்றில் தங்கி இறக்கத்தில் குலுங்கும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஜெல் (ஓடும்போதே விழுங்கும் சர்க்கரைக் கூழ்) தேவையே இல்லை. ஆனால் ஏப்ரலில் சைக்கிளில் உங்களுக்கு ஜெல் வேண்டியிருக்கும், உங்கள் வயிறு அதை ஏற்கிறதா என்று பார்க்க இது நல்ல வாய்ப்பு. 5 கி.மீ. திருப்பத்தில் ஒன்றை எடுத்து, மேலே இரண்டு மூன்று வாய்த் தண்ணீர் குடியுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நீர்ச்சத்து குறையும் நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

குளிரில் உடலைச் சூடாக்காமல் நேரே இறக்கத்தில் பாய்வது தொடை பிடித்துக்கொள்ளச் சுலபமான வழி. பன்னிரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். எட்டு நிமிடம் மெல்லோட்டம், அதைச் சற்று ஏறுமுகமான தெருவில் ஓடினால் உடல் சீக்கிரம் சூடேறும். பிறகு 20 விநாடி வேக ஓட்டங்கள் நான்கு. இதை முடித்துப் பத்து நிமிடத்துக்குள் தொடக்கக் கோட்டில் நிற்க வேண்டும். அதுவரை பழைய ஸ்வெட்டர் மேலே இருக்கட்டும், கூட வருகிறவரிடம் கடைசி நிமிடத்தில் கழற்றிக் கொடுத்துவிடலாம்.

டிரையத்லான் அன்று என்ன போடுவீர்களோ அதையே போட்டு ஓடுங்கள். எலாஸ்டிக் காலணிக் கயிறு, எண் அட்டை மாட்டும் இடுப்புப் பட்டை, டிரையத்லான் உடை. கயிறு தளர்வாக இருந்தால் இறக்கத்தில் பாதம் முன்னே நழுவிப் பெருவிரல் நகம் கறுத்துவிடும், இறுக்கமாக இருந்தால் புறங்கால் மரத்துப்போகும். ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்பே இழுத்துச் சரிபார்த்து, முடிச்சு இருக்கவேண்டிய இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள்.

இனி, போன வருடம் தவறிய இடம். 10 கி.மீ. பந்தயத்துக்குப் பின் மூன்று நாள் கடினமான எதுவும் கூடாது. பந்தயம் ஓடிய ஒவ்வொரு 3 கிலோமீட்டருக்கும் ஒரு லேசான நாள் என்பது ஓட்டக்காரர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் கணக்கு. முடிந்ததும் ஈர உடையை உடனே மாற்றுங்கள். ஞாயிறு மாலை 20 நிமிடம், மிகச் சுலபமான கியரில், டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்திவைத்தே மிதிக்க உதவும் தாங்கி) சைக்கிளை மிதியுங்கள். திங்கள் நடை. செவ்வாய் 30 நிமிடம் சைக்கிள், அதுவும் லேசாக. புதன் காலை பள்ளி மாடிப்படியில் ஒரு சோதனை செய்யுங்கள்: கைப்பிடியைத் தொடாமல், நேராக முன்னே பார்த்தபடி, பத்துப் படி இறங்குங்கள். உடல் பக்கவாட்டில் திரும்பாமல், முகம் சுளிக்காமல் இறங்க முடிந்தால் அன்று 30 நிமிடம் மெல்லோட்டம், வியாழன் வழக்கமான சைக்கிள் ஏற்றப் பயிற்சி. முடியவில்லை என்றால் இன்னும் ஒரு நாள் பொறுத்து மறுபடி சோதியுங்கள். தசை முழுக்கப் பரவிய வலி தானாகப் போய்விடும். எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலியோ, முழங்கால் வீக்கமோ இருந்தால் படிச் சோதனை எல்லாம் வேண்டாம், எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். பயிற்சி நேரம் கூடும் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது சாதாரணமாக நடப்பது. படி ஏறினால் வழக்கத்தைவிட மூச்சு வாங்குகிறது, சாதாரண ஓட்டத்திலேயே துடிப்பு எகிறுகிறது என்றால், ஹீமோகுளோபினோடு பெரிட்டினும் (உடலில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) சேர்த்துப் பார்க்கச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் பெரிட்டின் தாழ்ந்திருப்பது உண்டு. பரிசோதிக்காமல் மாத்திரை தொடங்க வேண்டாம். நம் மலையில் சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதை அது வெகுவாகக் குறைக்கிறது. டீயை விடச் சொல்லவில்லை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

அரை மாராத்தானுக்கு வருவோம். 21 கி.மீ. என்றால் அதே கணக்கில் ஏழு லேசான நாள், அதற்கு முன் ஒரு வாரம் பயிற்சியைக் குறைக்க வேண்டும். ஆக இரண்டு வாரம். ஏப்ரல் பந்தயத்துக்கு அப்போது ஆறு வாரம்தான் மிச்சம், அதில் மூன்றில் ஒரு பங்கு. உங்களுக்கு வேண்டியது 40 கி.மீ. சைக்கிள் மிதித்த காலோடு 10 கி.மீ. ஓடுவது. புத்துணர்ச்சியான காலோடு 21 கி.மீ. ஓடுவது அதற்கு அதிகம் உதவாது. தோழிகளோடு போய்க் கைதட்டிவிட்டு வாருங்கள், அல்லது அவர்களோடு கடைசி 5 கி.மீ. மட்டும் பேசிக்கொண்டே ஓடுங்கள்.

அந்த இரண்டு வாரத்தை வெயிலுக்குக் கொடுங்கள். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். கடலோரத்தில் மூச்சுக்கு ஆக்சிஜன் அதிகம் கிடைக்கும், சமதளத்தில் கிலோமீட்டருக்கு ஐந்து முதல் பத்து விநாடி லாபம் வரலாம். ஆனால் ஏப்ரல் வெயிலும் புழுக்கமும் அதற்கு மேல் பிடுங்கிக்கொள்ளும். குளிரிலேயே பயிற்சி செய்த உடலுக்குச் சீக்கிரம் வியர்த்துக் குளிரத் தெரியாது. அது பழக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும், நடுவில் நீண்ட இடைவெளி விட்டால் பழகியதும் போய்விடும். அதனால் மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து சனி ஞாயிறு இரண்டு நாளும் சைக்கிளை வண்டியில் ஏற்றி மேட்டுப்பாளையம் இறங்குங்கள். காலை எட்டரைக்கு மேல் தொடங்கி, முதல் வாரம் ஒரு மணி நேரம் சைக்கிளும் 15 நிமிட ஓட்டமும், அடுத்தடுத்த வாரங்களில் 90 நிமிடமும் 30 நிமிடமும் வரை கூட்டலாம். கிளம்புமுன்னும் முடித்தபின்னும் எடை பாருங்கள். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் சைக்கிளில் குடித்தது போதவில்லை, அடுத்த முறை உப்புக் கரைசல் பாட்டில் ஒன்று கூடுதலாக எடுத்துப்போங்கள். கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்துதான், குறைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலோ, வெயிலில் உடல் சிலிர்த்தாலோ அன்றைய பயிற்சி அந்த இடத்திலேயே முடிந்தது. நிழலில் உட்கார்ந்து தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், கூட ஒருவர் இல்லாமல் இந்தப் பயிற்சிக்கு இறங்காதீர்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்று கூட வருகிறவரிடமும் சொல்லி வையுங்கள்.